பற்றரி இல்லாத படகு அனுப்பிய செய்தி

"வெளிக்கிட்டன்."

புறப்பட்டுவிட்டேன் என்று, திரையில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அனுப்பியவரின் பெயர் வரும் இடத்தில் 'இவரின்ர போட்' என்று ஒரு படகு பதியப்பட்டிருந்தது. வதனி போனை என் பக்கம் திருப்பிப் பிடித்து, நான் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"பாத்தீங்களோ அக்கா? இண்டைக்கும் வெளிக்கிட்டார்."

பிறகு 'கவனம்' என்று பதில் எழுதி அனுப்பினாள். போனைக் கதிரையில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பயித்தங்காய் முறிக்கத் தொடங்கினாள்.

அவளுடைய கணவன் செல்வம் கடலில் காணாமற்போய் அப்போது நாலு மாதம் ஆகியிருக்கும். அந்தச் செய்தியை அனுப்பிய படகு வாசலுக்கு நேரே, மணலில் கட்டைகளின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. படகின் பற்றரியோ நான் இருந்த அறையின் மூலையில், சாக்கால் மூடப்பட்டுக் கிடந்தது. எழுந்துபோய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு முனையிலும் ஒரு வயரும் இல்லை.

வெளியே மணலில் வெறுங்காலை வைக்க முடியாத வெயில். சாக்கை விட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் வந்தேன்.

துறைமுகப் பக்கத்து என் கடையைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, "உங்களிடம் பேய்க்கதை ஒன்றும் இல்லையா?" என்று கேட்கும் வாசகர்கள் சிலர் உண்டு. படகுகளின் வயர்லெஸ்ஸும் ஆழம் பார்க்கும் கருவியும் திருத்துகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். இந்தக் கிழமை அவர்கள் கேட்டதைத் தருகிறேன். பேய் உண்டா இல்லையா என்பதைக் கடைசியில் அவர்களே சொல்லட்டும்.

இரண்டு சொல் தெரிந்த பெட்டி

என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் குகன், செல்வத்தின் தம்பி. வாடை ஓய்ந்து கடல் படுக்கத் தொடங்கியிருந்தது. கரையில் மற்றப் படகுகளெல்லாம் தண்ணீர் கண்டுவிட்டன. அண்ணனின் படகை இறக்கினால்தான் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும். ஆனால் வதனி விடவில்லை.

படகில் ஒரு பெட்டி இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். எஞ்சினின் சாவியான திறப்பைத் திருப்பினால் கரைக்கு ஒரு செய்தி அனுப்பும். திறப்பை அணைத்தால் இன்னொரு செய்தி. ஆபத்தென்றால் அமுக்க ஒரு சிவப்புப் பொத்தான். வேலை செய்வதைக் காட்ட, கண்போல ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம். மீனவர் சங்கம் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தது. அது வேலை செய்யாத படகைச் சங்கம் கடலுக்கு விடாது.

என்ன செய்தி என்பதை நாமே எழுதி வைக்கலாம். மற்றவர்கள் படகின் இலக்கத்தை எழுதினார்கள். செல்வம் மனைவியோடு கதைப்பதுபோல இரண்டு சொல் எழுதினான். போகும்போது 'வெளிக்கிட்டன்'. வரும்போது 'வந்திட்டன்'.

அவன் காணாமற்போன காலையில் இரண்டில் ஒன்றும் வரவில்லை. வதனி போனையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பின்னேரம், கொட்டியாரக் குடா வாயில் படகு தனியே மிதப்பதை மற்றவர்கள் கண்டார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வலை பாதி இழுத்தபடி இருந்தது. அவன் இல்லை.

படகைக் கட்டி இழுத்து வந்து கரையேற்றினார்கள். மழை தொடங்கியது. பற்றரி கெட்டுப்போகும் என்று குகன் அதைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தான். பொங்கல் கழிந்து வானம் வெளித்த பிறகு, நாள்தோறும் மத்தியானங்களில் வதனியின் போன் ஒலிக்கத் தொடங்கியது.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஊருக்கு ஆயிற்று. சிலர் அந்தப் படகைச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். சொந்தக்காரர், செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியைச் செய்துவிடு, ஆத்துமா அலைகிறது என்றார்கள். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருச்செய்து கிரியை செய்யலாம் என்று ஐயரும் சொல்லியிருந்தார்.

வதனி மறுத்துவிட்டாள். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

"வெளிக்கிட்ட ஆள் இன்னும் வந்து சேரேல்ல அக்கா," என்று என்னிடம் சொன்னாள். "ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டன் எண்டு மட்டும்தான் வருது. மற்றது வரேல்ல. வந்திட்டன் எண்டு சொல்லாத ஆளுக்கு என்னெண்டு அந்தியேட்டி செய்யிறது?"

"அப்ப பெட்டியை நான் பாக்கலாமோ?"

"பாருங்கோ. திருத்துங்கோ. ஆனா அவற்ற வாயை அடைச்சுப் போடாதேங்கோ."

கந்தளாயில் கட்டிய தேசிக்காய்

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று.

படித்துவிட்டு வேலைக்கு வந்த புதிதில், கந்தளாயில் ஒரு அரிசி ஆலைக்கு அனுப்பினார்கள். பெரிய ஸ்விச்சை அணைத்த பிறகும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் 'டிக், டிக்' என்று ஏதோ அடிக்கிறது என்றார்கள். அந்த ஆலையில் முன்னர் ஒருவர் மெஷின் பட்டியில் சிக்கிச் செத்திருந்தார். அவர்தான் வந்து தட்டுகிறார் என்று பெட்டியின் மேல் எலுமிச்சையை, எங்கள் தேசிக்காயை, கோத்துக் கட்டியிருந்தார்கள்.

நான் போய் நின்றபோதும் தட்டியது. பயந்துதான் போனேன். பிறகு தேடிப் பார்த்தால், நெல்லின் ஈரம் பார்க்கும் கருவி ஒன்றுக்கு வேறொரு அறையிலிருந்து தனி மின் வந்தது. அதன் வயர் பெட்டிக்குள் போய் உள்ளே இருந்த மின்சுற்று அட்டையைப் பின்பக்கமாக எழுப்பிக்கொண்டிருந்தது. வயரைக் கழற்றியதும் தட்டல் நின்றது. முதலாளி எனக்கு நன்றி சொன்னார், தேசிக்காயை மட்டும் கழற்ற விடவில்லை.

அன்றிலிருந்து, அணைத்த பெட்டி அசைந்தால் முதலில் நான் தேடுவது வயரைத்தான். ஆனால் கந்தளாயில் செத்தவர் எனக்கு யாரோ. செல்வம் என் கடைக்கு வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, இரண்டு பகிடி விட்டுப் போகிறவன். அவனுடைய சொல்லைத் திரையில் பார்ப்பது வேறு.

உச்சி வெயிலில்

குகன் ஏணி வைத்தான். படகின் நிழலில் மான்கள் படுத்திருந்தன. எங்கள் பட்டினத்து மான்கள் ஆட்களுக்குப் பயப்படாது, கடைத்தெருவிலேயே நிற்கும். ஆனால் நாங்கள் ஏணியை அவற்றின் நடுவில் ஊன்றியபோதும் ஒன்றுகூட எழும்பவில்லை. எல்லாம் கழுத்தைத் திருப்பி மேலே, படகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"உதுகள் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் அக்கா," என்றான் குகன். அவன் எனக்குப் பின்னால்தான் ஏறினான்.

கபினுக்குள் பழைய மீனும் டீசலும் மணத்தன. முன்பக்கம் ஒரு அம்மன் படம், காய்ந்த மாலை, படத்தின் முன்னால் அகல் விளக்கு வடிவில் ஒரு சின்ன மின்விளக்கு. விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே பெட்டி.

பெட்டியின் சிவப்புக் கண் திறந்திருந்தது.

முழு வெளிச்சமில்லை. நித்திரை குழம்பியவரின் கண்போல ஒரு அரைச் சிவப்பு. பற்றரி இருந்த இடத்தில் இரண்டு வயரும் நாடா சுற்றியபடி தொங்கின. பிரதான ஸ்விச் அணைந்திருந்தது. நான் அதை இன்னொரு முறை போட்டு அணைத்தேன். கண் அசையவில்லை.

மேகம் ஒன்று சூரியனை மறைத்தது. கபினுக்குள் இருட்டு வந்தது. சிவப்புக் கண் மெல்லச் சோர்ந்து, மூடிக்கொண்டது.

"போயிட்டார்," என்றான் குகன், தாழ்ந்த குரலில்.

மீற்றரை எடுத்துப் பெட்டியைத் திறந்து, அதன் மூளையாக இருக்கும் சிப்புக்கு மின் வரும் இடத்தில் ஊசியை வைத்தேன். மேகம் விலகியது. கண் திரும்பச் சிவந்தது. மீற்றரில் எண் ஏறிக்கொண்டு போனது. அரை வோல்ற், ஒன்று, ஒன்றரை, அதற்கும் மேலே. பற்றரி இல்லாத படகில் எண் ஏறுகிறது. பெட்டிக்குள் ஏதோ ஒன்று 'டிக்' என்றது.

கரையில் வதனியின் போன் ஒலித்தது. பிறகு அவள் குரல்.

"அக்கா! திரும்பவும் வெளிக்கிட்டார்!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டே இல்லை. பட்டப்பகலில், கோணேசர் கோயில் மணி மலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் வாய்விட்டு "செல்வம்?" என்று கூப்பிட்டுவிட்டேன். குகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்த எதிர்பார்ப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு வேலை ஓடும்.

"அந்த வலைக்குக் கீழ கிடக்கிற சாக்கைத் தாரும்," என்றேன்.

கபின் கூரையில் ஒரு சின்னச் சோலர் தகடு இருந்ததை ஏறும்போதே கண்டிருந்தேன். மீற்றரின் ஊசியைக் குகனிடம் பிடிக்கக் கொடுத்து, வாசலால் எக்கி, சாக்கை அதன்மேல் போட்டேன். அம்மன் விளக்கு அணைந்தது. சிவப்புக் கண்ணும் கூடவே அணைந்தது. மீற்றர் பூச்சியத்துக்கு இறங்கியது.

குகன் சாமி விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

குசினி யன்னலால்

வீட்டின் முன்கதவைப் பூட்டிவிட்டீர்கள். ஆனால் பக்கத்து வீட்டார் குசினி யன்னலால், சமையலறைப் பக்கத்தால், சோறு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் சாகவும் மாட்டார், சரியாக எழும்பவும் மாட்டார். அந்தப் பெட்டிக்கு நடந்தது அதுதான்.

மின்வெட்டுக் காலத்தில் இதை எல்லாரும் பார்த்திருப்போம். ஒருவர் வீட்டு ஜெனரேற்றர் தெருக் கம்பிக்குள் மின்னைத் தள்ள, பக்கத்து வீட்டு விளக்கு மங்கலாக மினுங்கும். கம்பி செத்துவிட்டதென்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவனுக்கு அது எமன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகில் எதை அணைத்தாலும் சாமி விளக்கை அணைக்கக் கூடாது. பிரதான ஸ்விச்சோடு அதுவும் அணைந்துவிடும் என்பதால், தனிச் சோலரும் தனிச் சின்னப் பற்றரியும் வைத்து எரிய விடுவார்கள். செல்வம் அதற்கும் ஒரு படி மேலே போயிருந்தான். விளக்கு அணைந்தால் கரையில் தெரிய வேண்டும் என்று, விளக்கிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பெட்டியில் சும்மா கிடந்த ஒரு துளையில் செருகியிருந்தான்.

"அண்ணன்தான் செய்தவர்," என்றான் குகன். "அவரைப் பாத்து வேற ஆக்களும் இழுத்தவை."

அந்தத் துளை நேரே சிப்பின் காலுக்குப் போகிறது. பெட்டி அணைந்திருக்கும்போது அந்தக் காலில் மின் நின்றால், அது சிப்புக்குள்ளேயே வழி கண்டுபிடித்து, மின் வரவேண்டிய கம்பிக்குப் பின்பக்கமாக ஏறிவிடும். பெட்டியைச் செய்தவர்கள் அந்த வாசலுக்கு ஒரு காவல் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கடலுக்குப் போகும் பெட்டிக்குச் செய்கிற வேலையா அது என்று படகில் நின்றே அவர்களைத் திட்டித் தீர்த்தேன்.

மழைக்காலத்தில் வெயில் இல்லாமல் விளக்கின் பற்றரி செத்துவிட்டது. அதற்குப் பிறகு, உச்சி வெயிலில் மட்டும் சோலரின் மின் போதிய அளவுக்கு ஏறும். சிப் விழிக்கும். விழித்ததும் அது முதலில் செய்வது, 'வெளிக்கிட்டன்' அனுப்புவது. செய்தி அனுப்பும் பாகத்துக்கென்று பெட்டிக்குள் வேறாக ஒரு சின்னப் பற்றரி இருந்தது. அனுப்பிய கையோடு சிப்புக்கு மின் போதாமல் மயங்கிவிடும். அதனால் 'வந்திட்டன்' ஒருநாளும் வராது.

எல்லாம் பொருந்தியது. ஒன்றைத் தவிர. நாள்தோறும் வரத் தொடங்கும் முன்பே, மார்கழியில், விடாமல் மழை பெய்த ஒரு நாளில் ஒரு செய்தி தனியே வந்ததாக வதனி போனைக் காட்டினாள். விளக்கின் பற்றரியில் அப்போது ஏதோ மிச்சம் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவள் கேட்டது

வதனிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொல்லி ஆறுதல்படுத்த எனக்கு வராது. அவள் படித்தவள், கவனமாகக் கேட்டாள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப அவர் போன அண்டைக்கு ஏன் செய்தி வரேல்ல?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தேன்.

அன்று விளக்கின் பற்றரி நல்லாக இருந்திருக்கிறது. இரவு பகலாக ஒரே அளவு மின் சிப்பின் காலில் நின்றிருக்கிறது. ஒரு சிப் சரியாகத் தொடங்க வேண்டுமென்றால், அது முதலில் முழுதாக அணைந்திருக்க வேண்டும். பாதி விழிப்பில் இருக்கும்போது திறப்பைத் திருப்பினால், அது சில நாள் எழும்பும், சில நாள் விறைத்துப்போய் நின்றுவிடும். விளக்கு எரியும், கண் சிவக்கும், பெட்டி வேலை செய்கிறது என்றே எவரும் நினைப்பார். சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் அதற்குக் கேட்காது.

"பெட்டி எழும்பேல்ல, வதனி."

"அந்த லைட்டாலயோ?"

"அப்பிடித்தான் நினைக்கிறன்."

அவள் கதவு வழியே படகைப் பார்த்தாள்.

"அந்த வயரை இழுக்கச் சொன்னது நான்தான் அக்கா. அம்மாளின்ர விளக்கு நடுக்கடலில அணைஞ்சா எங்களுக்குத் தெரியோணும் எண்டு நான்தான் ஆக்கினைப்படுத்தினனான்."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "விளக்கில பிழையில்லை. கேட்டதிலயும் பிழையில்லை. வாசலைத் திறந்துவிட்டவன் பெட்டியைச் செய்தவன். செல்வம் எப்பிடி விழுந்தவர், பொத்தானை அமுக்க நேரம் இருந்ததோ எண்டு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஏசுவது மாதிரியே வந்தது.

அவள் கையை இழுக்கவில்லை. "மற்றப் போட்டுகளிலயும் உப்பிடித்தானே இழுத்திருக்கினம்?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப இதை முதல் செய்யுங்கோ. கையோட அதுகளையும் செய்யுங்கோ. ஆனா விளக்கு எரியோணும்."

காவல்

பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து திருத்தினேன். விளக்கு எரிகிறதா இல்லையா என்ற செய்தி மட்டும் உள்ளே போக வேண்டும், விளக்கின் மின் போகக் கூடாது. அதற்கு நாலு காலில் ஒரு சின்னப் பாகம் இருக்கிறது. உள்ளே ஒரு பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம், மறுபக்கம் அதைப் பார்க்கும் ஒரு கண். நடுவில் வயர் இல்லை. வெளிச்சம் மட்டும் கடக்கும்.

அது போதாது. பெட்டியின் சொந்த மின் முழு அளவுக்கு வந்து நிலைக்கும்வரை, சிப்பை எழும்ப விடாமல் பிடித்து வைத்திருக்கும் காவல் சிப் ஒன்றையும் வைத்தேன். அணைத்த பிறகு எங்கேயாவது தேங்கி நிற்கும் மின் வடிந்துபோக ஒரு வழியும் வைத்தேன். பிறகு மேசையில் வைத்து, விளக்கின் மின்னைக் கொடுத்தபடியே பெட்டியைப் போட்டுப் போட்டு அணைத்தேன். ஒவ்வொரு முறையும் அது பூச்சியத்துக்குப் போய், பிறகு சுத்தமாக எழும்பியது.

அதற்குள் குகன் மற்றப் படகுகளில் இருந்த பெட்டிகளையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். மேசையில் விளக்கின் மின்னைக் கொடுத்ததும், இரண்டு பெட்டியில் அதே அரைச் சிவப்பு. அந்தப் படகுக்காரர் இருவரும் அன்று காலையும் கடலுக்குப் போய்த்தான் வந்திருந்தார்கள்.

மணலில் நின்றவள்

பெட்டியைப் படகில் பொருத்தப் போன அன்றும் மத்தியானம்தான். பற்றரியைத் திரும்பப் படகில் வைத்தோம். சாக்கை எடுத்தேன். அம்மன் விளக்கு எரிந்தது, பெட்டியின் கண் இருட்டாகவே இருந்தது. வெயில் உச்சிக்கு வந்து, தாண்டிப் போனது. கண் திறக்கவே இல்லை.

கரையில் வதனி போனை இரண்டு கையாலும் பிடித்தபடி மணலில் நின்றாள். வழமையான நேரம் போய்விட்டது என்பது அவளுக்குத் தெரியும். முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அண்ணி, செய்தியை மாத்திப்போட்டுப் பரிசோதிப்பமோ?" என்று குகன் மேலிருந்து கேட்டான். "இலக்கத்தை மட்டும் போடலாம்."

"வேண்டாம். இருக்கிறபடி செய்யுங்கோ."

குகன் திறப்பைத் திருப்பினான். கண் முழுச் சிவப்பாகத் திறந்தது. கீழே போன் ஒலித்தது. 'வெளிக்கிட்டன்.' அவள் பதில் எழுதவில்லை.

குகன் திறப்பை அணைக்கக் கையை வைத்தான். "பொறுங்கோ," என்றாள் வதனி. "நான் சொல்லேக்க நிப்பாட்டுங்கோ."

நாங்கள் நின்றோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. குடாவின் பக்கம் திரும்பி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வளவில் யாரோ வலை தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு படகு வந்து கரை சேர்ந்து, ஆட்கள் இறங்கி மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

"இப்ப," என்றாள்.

குகன் திறப்பை அணைத்தான். போன் ஒலித்தது. அவள் அதை நெற்றிக்கு நேரே தூக்கி, வெயிலுக்குக் கையால் மறைத்து, வாசித்தாள். நான் ஏணியால் இறங்கி அவளிடம் போனேன். திரையில் செல்வத்தின் மற்றச் சொல் இருந்தது.

"ஆர் அனுப்பினதெண்டு எனக்குத் தெரியும் அக்கா," என்றாள்.

பிறகு படகைப் பார்த்து, குரல் உடையாமல், குகனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஐயரிட்டப் போய் அந்தியேட்டிக்கு ஒரு நாள் கேட்டுக்கொண்டு வாங்கோ. அண்ணன் வந்திட்டார்."